அடிமேல் அடி தாங்கும் மண்: நுண்ணுயிர்களின் தாக்குப்பிடிப்பைச் சுண்ணாம்பும் மஞ்சளும் கொண்டு அளந்து பேணும் முறை

ஜொகூர் மாநிலம் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த ரெங்கம் சிறிய தோட்டப் பட்டணம்தான் என்றாலும், மலேசிய மண் வகைகளைப் படிக்கும் எவரும் அதன் பெயரைக் கடந்து போக முடியாது. கருங்கற்பாறை சிதைந்து உருவான, ஆழமான, மஞ்சளும் பழுப்புமான, பருமணல் கலந்த களிமண்ணுக்கு ‘ரெங்கம் தொடர்’ என்று மண்ணியலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். புளிப்பு மிகுந்த மண் அது. சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றலும் அதற்குக் குறைவு. எங்கள் வட்டாரத்தில் அந்த மண் காடாக இருந்து, பால்மரத் (ரப்பர்) தோட்டமாகி, பின்பு செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டமாகி, ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுநடவுக்காகப் புரட்டப்பட்டு, இடைப்பட்ட காலத்தில் களைமருந்தையும் உரத்தையும் வண்டிச் சக்கரத்தையும் தாங்கி, ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையில் ஊறி, மழை நின்றதும் வெயிலில் காய்ந்து வருகிறது. தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்த நாங்கள் வீட்டுக்குப் பின்னால் கொத்திப் பயிரிடுவதும் அதே மண்ணைத்தான்.

இத்தனை அடிகளையும் முதலில் வாங்குபவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். ஒரு கிராம் மண்ணில் மட்டும் நூறு கோடி அளவில் பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். அவற்றோடு பூஞ்சைகளும், பாக்டீரியா போலத் தோன்றும் வேறொரு வகை நுண்ணுயிரான ஆர்க்கியாக்களும், அவற்றை மேய்ந்து வாழும் ஓரணு உயிர்களும் உள்ளன. உங்கள் தோட்டத்து மண்ணில் அவை அடுத்தடுத்து வரும் இடையூறுகளை எவ்வளவு தாங்குகின்றன என்பதை வீட்டிலேயே அளந்து பார்ப்பதற்கும், அவை மீண்டெழ இடம் கொடுத்துப் பயிர் செய்வதற்கும் உரிய முறையை இங்கே எழுதுகிறேன். அளப்பதற்கு வேண்டியவை வெற்றிலைச் சுண்ணாம்பும், மஞ்சள்தூளும், சமையலறைத் தராசும், மூடி இறுகும் கண்ணாடிப் போத்தல்களும், சுமார் பத்து வாரப் பொறுமையும் மட்டுமே.

முதலில் அறிந்துகொள்ள வேண்டியது

மண் காயும்போது நுண்ணுயிரைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் மெலிந்துகொண்டே போகிறது. உயிரணுவுக்குள் இருக்கும் நீரும் வெளியே இழுக்கப்படும் நிலையில், பல பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் புரோலின், டிரெகலோஸ் போன்ற சிறு கரைபொருள்களைத் தமக்குள் திரட்டி நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சில பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிப் பசைபோன்ற சர்க்கரைக் கூழைச் சுரந்து, அதற்குள் ஈரத்தைக் காத்துக் கிடக்கின்றன. பேசில்லஸ் இனத்தைச் சேர்ந்தவை தடித்த உறைகொண்ட வித்துகளாக மாறி, நல்ல காலம் வரும்வரை உறங்கிவிடுகின்றன. எந்த நேரத்தில் பார்த்தாலும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களில் பெரும்பகுதி இப்படி ஏதோ ஒருவகை உறக்கத்தில்தான் இருக்கும். ஆகவே ஒரு மண்ணில் உயிர் இருக்கிறது என்பதும் அது வேலை செய்கிறது என்பதும் ஒன்றாகா.

காய்ச்சலைவிடக் கடுமையானது, காய்ந்த மண்ணில் திடீரென்று விழும் மழை. உப்பும் சர்க்கரையும் நிறைந்த உயிரணுவுக்குள் வெளிநீர் பாய்ந்து புகும்போது, திரட்டி வைத்த கரைபொருள்களை அது நொடிகளில் வெளியேற்றியாக வேண்டும். முடியாதவை வெடித்துச் சாகின்றன. செத்தவற்றின் உடலும், பிழைத்தவை கொட்டிய சர்க்கரையும், மண்கட்டி உடைந்து வெளிப்பட்ட பழைய மக்கும் (மக்கிய இலைதழையும்) ஒரே நேரத்தில் உணவாகக் கிடைப்பதால், எஞ்சியவை வேகமாக உண்டு மூச்சுவிடுகின்றன. கரிவளி (கார்பன் டைஆக்சைடு) குப்பென்று எழும், தழைச்சத்தும் (நைட்ரஜன்) விடுபடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பிர்ச் என்ற ஆய்வாளர் 1958-ஆம் ஆண்டு இதை விரிவாக எழுதியதால், இன்றும் இது ‘பிர்ச் விளைவு’ என்றே அழைக்கப்படுகிறது. முதல் மழையில் நாம் முகரும் மண்வாசனையிலும் இந்த உயிர்களுக்குப் பங்குண்டு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலான பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மழைத்துளியின் தாக்கத்தால் காற்றில் கலந்து மூக்கை எட்டுகிறது.

இதே அடி மீண்டும் மீண்டும் விழுந்தால் நிகழ்வது என்ன என்பதுதான் நம் கேள்வி. இரண்டு வகை மாற்றங்கள் சேர்ந்தே நடக்கின்றன. ஒருபுறம், தாங்கும் திறன் உடையவை நிலைத்து, மெல்லியவை குறைகின்றன. தடித்த சுவர் கொண்ட பாக்டீரியாக்களும் பல பூஞ்சைகளும் வறட்சிக்குப் பொதுவாக அதிகம் ஈடுகொடுக்கின்றன. மறுபுறம், ஒவ்வொரு சுற்றிலும் எளிதில் உண்ணக்கூடிய மக்கு கரைந்து போவதால், அடுத்த சுற்றில் எழும் மூச்சு குறைகிறது. ஃபியரர், ஷிமெல், ஹோல்டன் ஆகியோர் கலிபோர்னிய மண்ணைப் பலமுறை காயவைத்து நனைத்துப் பார்த்து, 2003-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகொள்ளத் தக்கது. ஓக் மரத்தடியில் நிழலில் இருந்த மண்ணின் பாக்டீரியாக் கூட்டத்தின் அமைப்பு மாறிவிட்டது. வெயிலுக்கும் மழைக்கும் ஏற்கெனவே பழகியிருந்த புல்வெளி மண்ணில் கூட்டம் பெரும்பாலும் மாறாமல் இருந்தது. மண்ணுக்கு முன்அனுபவம் என்று ஒன்று உண்டு. அதைக் கேட்காமல் அதன் நலத்தைச் சொல்ல முடியாது.

செம்பனைத் தோட்டத்தில் இந்த இரண்டு நிலைகளும் ஒரே வரிசையில், சில அடி இடைவெளியில் கிடைக்கின்றன. வெட்டிய மட்டைகளை அடுக்கி வைக்கும் இடைவரிசையில் மண் எப்போதும் நிழலும் ஈரமுமாக இருக்கும். குலை வெட்டுவோர் நடக்கும் பாதையிலோ மண் மிதிபட்டு, மருந்து பட்டு, வெயிலில் காய்ந்து, மழையில் அடிபட்டுக் கிடக்கும். வீட்டுத் தோட்டத்தில் சருகால் மூடாக்கு இட்ட பாத்தியும், ஆள் நடக்கும் வரப்பும் அவற்றுக்கு ஈடானவை. சோதனைக்கு இந்த இரண்டு இடங்களிலிருந்தும் மண் எடுப்பது மிகவும் பயன்தரும். தோட்ட நிலத்தில் எடுப்பதானால் முன்னதாக அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணை எடுத்து ஆயத்தம் செய்தல்

மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, நான்கு விரல் ஆழம் வரை உள்ள மண்ணை, ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு புள்ளிகளில் எடுத்து, ஒரு வாளியில் கலந்துகொள்ளுங்கள். ஒரே குழியில் எடுத்த மண் அந்தக் குழியைப் பற்றி மட்டுமே பேசும். கற்களையும் வேர்களையும் மண்புழுக்களையும் கையால் நீக்கி, பெரிய கட்டிகளை மென்மையாக உதிர்த்தால் போதும். மாவாக அரைத்துவிடக் கூடாது. மண்ணின் சிறு உருண்டைகளுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகளே பாக்டீரியாக்களுக்கு வீடும் கோட்டையும் ஆகும்.

அடுத்ததாக ஈரத்தைச் சரிசெய்ய வேண்டும். இதற்குப் புட்டு மாவுப் பதத்தைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: கையில் அள்ளி இறுகப் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், நீர் கசியக் கூடாது. மழைநீரையோ, ஓர் இரவு திறந்து வைத்த குழாய் நீரையோ தெளித்து இந்தப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு துணியால் தளர்வாக மூடி, ஒரு வாரம் நிழலில் விட்டுவிட வேண்டும். நாம் தோண்டியதும் உதிர்த்ததும் கூட அந்த உயிர்களுக்கு ஓர் இடையூறுதான். அந்தப் பரபரப்பு அடங்குமுன் அளந்தால், நம் கைவேலையைத்தான் அளந்தவர்களாவோம்.

ஒரு வாரம் கழிந்ததும், ஒவ்வோர் இடத்து மண்ணிலிருந்தும் 100 கிராம் வீதம் மூன்று கிண்ணங்களில் நிறுத்துக்கொள்ளுங்கள். முதல் கிண்ணத்துக்கு ‘ஈரம்’ என்றும், இரண்டாவதற்கு ‘ஒருமுறை’ என்றும், மூன்றாவதற்கு ‘பலமுறை’ என்றும் பெயர் எழுதி ஒட்டுங்கள். மண்ணோடு சேர்ந்த கிண்ணத்தின் எடையையும் அதன்மேல் குறித்துவிடுங்கள். பின்னால் எவ்வளவு நீர் சேர்க்க வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்லும். இடம் இருந்தால் ஒவ்வொன்றிலும் இரட்டையாக வைப்பது நல்லது. ஒற்றைக் கிண்ணம் காட்டும் வேறுபாட்டை நம்பிப் பேசுவதற்கு எனக்குத் துணிவு வருவதில்லை.

‘பலமுறை’ கிண்ணத்து மண்ணைத் தட்டில் பரப்பி, நிழலில், மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். வெப்பம் தனியானதோர் அடி, இரண்டையும் கலந்தால் எது எதனால் என்று பிரிக்க முடியாமல் போகும். நம் நாட்டுக் காற்றின் ஈரத்தில் காய்வதற்குச் சில வேளை ஒரு வாரம் முழுவதும் ஆகிவிடும். அடுத்தடுத்த இரண்டு நாள்களில் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு கிண்ணத்தில் இட்டு, குறித்து வைத்த எடை வரும்வரை நீர் சேர்த்து, ஒரு வாரம் ஈரமாக வைத்திருங்கள். இது ஒரு சுற்று. இவ்வாறு மூன்று சுற்றுகள் முடியும்வரை மற்ற இரண்டு கிண்ணங்களும் ஈரமாகவே இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை எடை பார்த்து, குறைந்த அளவுக்கு நீர் விடுங்கள்.

நான்காவது சுற்றில் ‘ஒருமுறை’ மண்ணையும் ‘பலமுறை’ மண்ணையும் சேர்த்தே காயவைத்து, ஒரே நாளில், ஒரே வேளையில் நனையுங்கள். அன்று நம் முன்னே மூன்று மண் இருக்கும்: அடியே படாதது, முதல் அடி வாங்குவது, நான்காவது அடி வாங்குவது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளப்பதில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது.

மூச்சை அளத்தல்

ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சுண்ணாம்பைக் கலக்கிக் குலுக்கி, நிரம்பிய போத்தலில் இறுக மூடி ஓர் இரவு தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் அடியைக் கலக்காமல் வடித்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கடுமையான தீங்கு செய்யும். குழந்தைகளோடு செய்தால் வடிக்கும் வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள். இன்னொரு பக்கம், மஞ்சள்தூளை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, வெள்ளைக் காகிதத்தில் பூசி, நிழலில் உலர்த்தி, சிறு கீற்றுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலம் சுற்றுவதற்காக மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் அது இரத்தச் சிவப்பாக மாறுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மஞ்சள் காரத்தைக் கண்டால் சிவக்கும். மண்ணிலிருந்து எழும் கரிவளி சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து சுண்ணக்கல் ஆகிவிட்டால், காரம் தீர்ந்துபோய், மஞ்சள் காகிதம் மஞ்சளாகவே நிற்கும். இந்த மாற்றம் எவ்வளவு நேரத்தில் நிகழ்கிறது என்பதே நம் அளவு. மஞ்சளைச் சுண்ணாம்பு நீரிலேயே நேராகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் நெடுநேரம் இருந்தால் தானாகவே சிதைந்து வெளுத்துவிடும் என்பதால், காகிதத்தில் சொட்டு வைத்துப் பார்ப்பதே நம்பத்தக்கது.

நனைத்த மண்ணை ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள அகன்ற வாய்ப் போத்தலின் அடியில் இட்டு, அதன்மேல் தட்டையான சிறு கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 10 மில்லிலிட்டர் தெளிந்த சுண்ணாம்பு நீரை வைத்து, மூடியை இறுக்குங்கள். மண் இல்லாத போத்தல் ஒன்றிலும் அதே அளவு வைக்க வேண்டும். அதன் நீர் கடைசிவரை காகிதத்தைச் சிவக்க வைத்தால்தான் மற்றவற்றின் கணக்கு செல்லும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து, நீரை மெல்லச் சுழற்றிவிட்டு, ஒரு சொட்டை எடுத்துக் காகிதத்தில் வையுங்கள். சில மணி நேரத்தில் நீரின் மேல் ஆறிய பாலின் ஆடைபோல மெல்லிய வெண்படலம் ஒன்று படர்வதைக் காண்பீர்கள். விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி வரும் அந்த ஏடு, மண்ணில் உள்ள உயிர்களின் மூச்சு கல்லாக உறைந்தது. நான் முதல்முறை அதைக் கைவிளக்கின் சாய்ந்த ஒளியில் பார்த்தபோது, பக்கத்தில் இருந்த பாட்டி, “சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தே போட்டால் இப்படித்தான் ஏடு கட்டும்” என்று சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரி. காற்றிலுள்ள சிறிதளவு கரிவளியே டப்பாவில் அதைச் செய்கிறது, மண் அதையே பலமடங்கு விரைவில் செய்கிறது.

காகிதம் மஞ்சளாகவே நிற்கும் வேளையில் கிண்ணத்தை எடுத்துவிட்டு, போத்தலைச் சில நிமிடம் திறந்து வைத்துக் காற்றை மாற்றி, புதிய சுண்ணாம்பு நீர்க் கிண்ணத்தை வையுங்கள். நான்கு நாள்களில் ஒவ்வொரு மண்ணும் எத்தனை கிண்ணம் தீர்த்தது, முதல் கிண்ணம் எப்போது தீர்ந்தது என்ற இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். மக்கு நிறைந்த மண் ஒரு கிண்ணத்தை அரை நாளிலும் தீர்க்கக்கூடும். மெலிந்த மண் நான்கைந்து நாள் எடுத்துக்கொள்ளவும் கூடும். மண்ணுக்கு மண் இது மாறும் என்பதால், பிறருடைய எண்ணோடு ஒப்பிடாமல், உங்கள் மூன்று போத்தல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

எண்களைப் படிக்கும் விதம்

வழக்கமாக ‘ஈரம்’ மண் மெதுவாகவும் சீராகவும் மூச்சுவிடும். ‘ஒருமுறை’ மண் நனைத்த முதல் நாளிலேயே பெரிதாக மூச்செறிந்து, பின்பு அடங்கும். ‘பலமுறை’ மண் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மட்டை அடுக்கியிருந்த இடத்து மண்ணில் இந்த வேறுபாடு பெரிதாகவும், நடைபாதை மண்ணில் சிறிதாகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். பாதை மண் ஆடாமல் அசையாமல் நிற்பதைக் கண்டு, அதுவே உறுதியான மண் என்று எண்ணிவிடலாகாது. அடிக்குப் பழகித் தேறிய கூட்டமும் அசையாது. ஆட்டம் காட்ட ஆளே இல்லாத கூட்டமும் அசையாது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் மண்ணின் தாங்குதிறனைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. 1978-இல் ஆண்டர்சன், டோம்ஷ் ஆகிய இருவர், மண்ணுக்குக் குளுக்கோஸ் கொடுத்து, முதல் சில மணி நேரத்தில் எழும் மூச்சைக் கொண்டு உயிருள்ள நுண்ணுயிர்த் திரளை மதிப்பிடும் முறையை வகுத்தார்கள். நான்கு நாள் அளவு முடிந்ததும், 100 கிராம் மண்ணுக்குக் கால் தேக்கரண்டி குளுக்கோஸ் மாவை மிகக் குறைந்த நீரில் கரைத்துத் தெளித்துக் கிளறி, இம்முறை ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பு நீர் மட்டும் வைத்து, மணிக்கொருமுறை ஆறு மணி நேரம்வரை பாருங்கள். விரைவில் தீர்ந்தால், உண்ண வாய் இருக்கிறது, உணவுதான் இல்லை என்று பொருள். அந்த மண்ணுக்கு மக்கும் சருகும் கொடுத்தால் போதும். ஆறு மணி நேரமாகியும் சிவப்பு மாறாமல் நின்று, மறுநாள்தான் தீர்ந்தால், உண்பதற்கே ஆள் குறைவு; உறங்கியவையும் எஞ்சியவையும் பெருகிய பிறகே வேலை தொடங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணுக்கு உணவோடு காலமும் நிழலும் தேவை.

மூச்சு மீண்டுவிட்டது என்பதாலேயே எல்லா வேலைகளும் மீண்டுவிட்டன என்று கொள்ள முடியாது. சருகைச் சிதைத்துக் கரிவளி விடும் வேலையை எண்ணற்ற இனங்கள் செய்யும். ஓர் இனம் சாய்ந்தால் இன்னொன்று அந்த இடத்தை நிரப்பிவிடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலையோ, மெதுவாக வளரும் சில குழுக்களின் கையில் மட்டுமே இருக்கிறது. பூஞ்சை இழைகளின் வலையும் அப்படித்தான். மண்வெட்டி ஒரு கொத்தில் அறுத்ததை மீண்டும் பின்னுவதற்கு வாரங்கள் வேண்டும். ஆகவே போத்தல் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பயிரின் வேரையும் பார்க்க வேண்டும்.

பாத்தியில் செய்ய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மழையில் என் பாத்தி பத்து நாளுக்கு மேல் நீரில் நின்றது. நீர் வடிந்த மறுநாளே கொத்தி, யூரியா தூவி, பயத்தங்காய் விதைத்தேன். அடுத்து வந்த வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்தது. செடி முழங்கால் உயரத்திலேயே வெளுத்து நின்றது. பிடுங்கிப் பார்த்தேன், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் முடிச்சு வேரில் ஒன்றுகூட இல்லை. வெள்ளம், கொத்து, உரம், வறட்சி என்ற நான்கும் தனித்தனியே வந்திருந்தால் அந்த மண் தாங்கியிருக்கும். ஒன்றிலிருந்து எழுவதற்குள் அடுத்ததை நானே அதன்மேல் போட்டேன். அடியின் கடுமையைவிட, இரண்டு அடிகளுக்கு நடுவே கிடைக்கும் காலமும், அப்போது கையில் இருக்கும் உணவுமே நுண்ணுயிர்களின் பிழைப்பைத் தீர்மானிக்கின்றன என்று அன்றிலிருந்து கணக்கிட்டுப் பயிர் செய்கிறேன்.

ஆகவே நாம் செய்யும் இடையூறுகளை ஒரே வாரத்தில் குவிக்காதீர்கள். கொத்திய பாத்தியில் இரண்டு வாரம் கழித்தே சுண்ணாம்போ உரமோ இடுங்கள். புளிப்பைக் குறைக்க மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத்தூள் இடுவதானால், ஒரே தடவையில் கொட்டாமல் சிறிது சிறிதாக இட வேண்டும். களைக்கு மருந்தடித்தே ஆகவேண்டும் என்றால், மண் வறண்டோ நீர் தேங்கியோ இருக்கும் நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். பாராகுவாட் என்ற களைமருந்து 2020-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. பழைய கையிருப்பு எங்காவது இருந்தாலும் தொடாதீர்கள். என்னைக் கேட்டால், வீட்டுத் தோட்ட அளவில் கையால் பறித்து அதே இடத்தில் மூடாக்காக இடுவதே போதுமானது. சருகைக் கொளுத்துவது 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். மேல்மண்ணின் உயிரையும் அவற்றின் உணவையும் ஒரே நேரத்தில் இழக்கும் வழியும் அதுவே.

மூடாக்கு நான்கு விரல் கனமாவது இருக்கட்டும். செம்பனை மட்டை கிடைத்தால் முள்ளை நீக்கித் துண்டுகளாக வெட்டிப் பரப்பலாம். பழம் உதிர்த்த வெறுங்குலை கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மிகுதி. மூடிய மண் மெதுவாகக் காயும், மெதுவாக நனையும். கரைபொருளைத் திரட்டவும் வெளியேற்றவும் உயிரணுக்களுக்கு அவகாசம் கிடைக்கும். நெடுநாள் காய்ந்த பாத்திக்கு நீர் விடும்போதும் இதையே செய்யுங்கள்: முதல் நாள் பூவாளியால் இலேசாகத் தெளித்து, மறுநாள் சற்றுக் கூட்டி, மூன்றாம் நாள் முழுதாக நனைக்கலாம். நனைந்தவுடன் விடுபடும் தழைச்சத்தை உறிஞ்ச அங்கே வேர் இருக்க வேண்டும். வேரில்லாத பாத்தியில் அது அடுத்த மழையில் கீழே கசிந்து போய்விடும். அறுவடை முடிந்த பாத்தியை வெறுமையாக விடாமல், பயறு தூவி வைப்பது இதனால்தான்.

பயிரைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வேரோடு கூடி வாழ்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) திரட்டித் தரும் வேர்ப்பூஞ்சைகளுக்குப் பயறு, மிளகாய், கத்தரி, சோளம் ஆகியவை வீடு கொடுக்கின்றன. சாவி (கடுகுக்கீரை) முதலான கடுகுக் குடும்பத்துப் பயிர்களும், தண்டுக்கீரை வகைகளும் பொதுவாகக் கொடுப்பதில்லை. கீரையும் சாவியும் மட்டுமே மாறி மாறிப் போட்டால், கொத்திலிருந்து தப்பிய பூஞ்சையும் பட்டினியில் மறையும். பாத்தியின் ஓரத்தில் ஒரு முழ அகலமாவது கொத்தாமல், மிதிக்காமல், மருந்து படாமல் விட்டுவைத்தால், அங்கிருந்து இழைகளும் வித்துகளும் அடிபட்ட பகுதிக்குப் பரவும். கொத்துவதையும் ஒன்றுவிட்டு ஒரு பாத்தியாக வைத்துக்கொண்டால் இந்தக் குடியேற்றம் விரைவாக நடக்கும்.

வெள்ளத்துக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும், மீண்டும் 2023 மார்ச்சிலும் ஜொகூர் மூழ்கியதை நம்மில் பலர் நேரில் பட்டிருக்கிறோம். நீர் தேங்கிய மண்ணில் உயிர்வளி (ஆக்சிஜன்) ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். அதன்பின் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக்கொண்டு மூச்சுவிடுகின்றன. அது வளியாக மாறி மண்ணைவிட்டுப் போய்விடும். நைட்ரேட் தீர்ந்ததும் மாங்கனீசும் இரும்பும் சல்பேட்டும் வரிசையாகப் பயன்படுகின்றன. மஞ்சள் மண் சாம்பல் நிறமாவதும், அழுகிய முட்டை நாற்றம் எழுவதும் அந்த வரிசையில் மண் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும். நீர் வடிந்ததும் பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். நனைந்த மண்ணை மிதித்தால் துளைகள் அடைபட்டு, உயிர்வளி திரும்பும் வழியே மூடிவிடும். ஓரத்தில் வடிகால் வெட்டிவிட்டுக் காத்திருங்கள். சில நாள்களுக்குப் பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிட்டுப் பாருங்கள்: பழைய வேர் ஓடிய துளைகளின் சுவரில் துருச்சிவப்புக் கோடுகள் தெரிந்தால், காற்று உள்ளே வந்துவிட்டது. நாற்றம் நீங்கி, மண் புட்டு மாவுப் பதத்துக்கு வந்த பிறகு, கொத்தாமல், குச்சியால் துளையிட்டுப் பயத்தங்காய் விதையை ஊன்றி, மேலே மெல்லிய மூடாக்கை இடுங்கள். அந்தச் சுற்றில் யூரியா வேண்டாம். தழைச்சத்து எளிதில் கிடைக்கும்போது பயறு வேர்முடிச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

விதைத்த ஆறாவது வாரத்தில் ஒரு செடியைச் சுற்றிலும் மண்ணோடு சேர்த்துத் தோண்டி எடுத்து, வாளி நீரில் அலசி, வேரில் உள்ள முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த பாத்தியைக் கொத்தத் தொடங்கலாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தாலும், முடிச்சே இல்லாவிட்டாலும், பயறு நன்றாக விளையும் பாத்தியிலிருந்து இரண்டு கைப்பிடி மண்ணைக் கொண்டுவந்து செடிகளின் அடியில் தூவி, மூடாக்கைக் கூட்டி, இன்னும் மூன்று வாரம் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு மறுபடியும் ஒரு செடியை எடுத்துப் பாருங்கள்.